இரண்டு பொம்மைகள் இருந்த படகு

போன சனிக்கிழமை பின்னேரம் 40 குதிரைவலு எஞ்சின் ஒன்றின் கியர்பெட்டியைக் கழற்றிக்கொண்டிருந்தேன். சீல் போய்க் கடல்தண்ணீர் உள்ளே இறங்கியிருந்தது. எண்ணெய் பால்தேத்தண்ணி நிறத்துக்கு வந்திருந்தது. அந்த நேரம் பார்த்து அக்காவின் மகன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"மாமா, இதப் பாருங்கோ. எங்கட போட் மாதிரியே இருக்கு."

கை முழுக்க எண்ணெய் என்பதால் அவனே பிடித்துக் காட்டினான். 2024 ஜூன் 12ஆம் திகதி செங்கடலில் 'டியூட்டர்' என்ற சரக்குக் கப்பலில் யேமனின் ஹூதி கிளர்ச்சிக்காரர் மோதவிட்ட படகு அது. சின்ன வெள்ளைப் படகு. உள்ளே இரண்டு பேர் இருப்பதுபோலத் தெரிந்தது. நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். அலை தூக்கிப் போட்டால் படகில் இருக்கிற மனிதனுக்கு இடுப்பு தானாக வளையும், ஒரு கை விளிம்பைத் தேடிப் பிடிக்கும். இந்த இரண்டு பேரிடமும் அந்த அசைவு இல்லை. இரண்டும் பொம்மைகள். மீன்பிடிக்கப் போகிறவர்கள் என்று கப்பல்காரர் நினைத்துக்கொள்ளட்டும் என்பதற்காக வைத்தவை. கீழே வெடிமருந்து. கப்பலின் எஞ்சின் அறையில் நின்ற பிலிப்பைன்ஸ் மாலுமி ஒருவர் இறந்துபோனார். சில நாட்களில் கப்பலும் தாண்டுபோனது.

மருமகனுக்கு 22 வயது. அவனும் கூட்டாளிகளும் இரவில் இந்தக் காணொளிகளைத்தான் பார்க்கிறார்கள். 2025 மே மாதம் இந்தியாவும் பாகிஸ்தானும் நான்கு நாள் அடிபட்டபோது, இந்தியாவின் ரஃபேல் போர்விமானம் பெரிதா பாகிஸ்தானின் ஜே-10சி பெரிதா என்று எங்கள் வீட்டு வாசலில் நடுச்சாமம் வரை வாக்குவாதம். கிரிக்கெட் பார்ப்பதுபோல் ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். இந்தப் பதிவை அவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். திருகோணமலை திருக்கடலூரில் படகுகளின் வெளியிணைப்பு எஞ்சின் திருத்துகிற எனக்கு ஏவுகணை பற்றிப் பெரிதாகத் தெரியாது. ஆனால் சின்னப் படகு பற்றித் தெரியும். இன்றைக்கு உலகத்தின் பெரிய கடற்படைகள் எல்லாம் அந்தச் சின்னப் படகைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கின்றன.

உக்ரேனின் 'மகுரா வி5' படகை எடுத்துக்கொள்ளுங்கள். நீளம் ஐந்தரை மீற்றர், எங்கள் கணக்கில் 18 அடி. என் பட்டறைக்கு வரும் பைபர் படகுகளில் பாதி அந்த அளவுதான். ஏறத்தாழ 320 கிலோ வெடிமருந்து ஏற்றலாம் என்கிறார்கள். எங்கள் ஆட்கள் இரண்டு பேர், வலை, ஐஸ்பெட்டி, மண்ணெண்ணெய்க் கலன், பட்ட மீன் எல்லாம் சேர்த்தால் கிட்டத்தட்ட அதே பாரம். எங்களுடையதைப்போல் பின்னால் தொங்கும் எஞ்சின் அதில் கிடையாது. தண்ணீரை உறிஞ்சிப் பின்பக்கம் பீய்ச்சி ஓடுகிறது. ஆள் இல்லை. செய்மதி வழியாகப் படம் பார்த்து எங்கோ ஓர் அறையில் இருந்து ஓட்டுகிறார்கள்.

பெரிய போர்க்கப்பல் என்று சொல்லிக்கொள்ள உக்ரேனிடம் எதுவும் மிஞ்சவில்லை. தன் முதன்மைக் கப்பல் ரஷ்யர் கையில் போகக் கூடாதென்று 2022இல் போர் தொடங்கிய கையோடு தானே அதை மூழ்கடித்த நாடு அது. அப்படிப்பட்ட நாடு இந்தச் சின்னப் படகுகளை வைத்து, 2024 பெப்ரவரி 1ஆம் திகதி 'இவானோவெட்ஸ்' ஏவுகணைக் கப்பலையும், 14ஆம் திகதி 'சேசர் குனிக்கோவ்' தரையிறங்கு கப்பலையும், மார்ச் 5ஆம் திகதி 'செர்கேய் கோட்டோவ்' ரோந்துக் கப்பலையும் கடலுக்குள் இறக்கியது. ரஷ்யா கருங்கடல் கப்பல்களில் பலதைச் செவஸ்தபோலில் இருந்து நொவொரொசிஸ்க்குக்கு நகர்த்தவேண்டி வந்தது.

ஏன் இவ்வளவு பெரிய கப்பல்களால் தடுக்க முடியவில்லை என்று மருமகன் கேட்டான். தொழிலுக்குப் போகிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பைபரும் மரமும் ராடர் அலையைச் சரியாகத் திருப்பி அனுப்பாது. படகின் விளிம்போ தண்ணீரில் இருந்து இரண்டு மூன்று அடி உயரம்தான். கொஞ்சம் காற்று எழும்பி வெள்ளை நுரை கட்டினால் போதும், ராடர் திரையில் அலையும் படகும் ஒன்றாகிவிடும். வாடைக் காலத்தில் 100 யார் தள்ளி நிற்கும் படகே எங்கள் கண்ணுக்கு மறைந்து மறைந்துதான் தெரியும். கப்பலின் மேல்தளத்தில் நிற்கிறவனுக்கு எப்படித் தெரியும்? தெரிகிற நேரம் அது கிட்ட வந்திருக்கும். அப்போது அவனுக்கு முடிவெடுக்கச் சில நிமிடங்கள்தான். அந்தச் சில நிமிடங்களைப் பற்றித்தான் நான் பேச வேண்டும்.

2000 ஒக்டோபர் 12ஆம் திகதி ஏடன் துறைமுகத்தில் எண்ணெய் நிரப்ப நின்ற அமெரிக்க நாசகாரிக் கப்பல் 'கோல்' மீது ஒரு சின்னப் படகு வந்து மோதியது. 17 கடற்படையினர் இறந்தார்கள். அன்றிலிருந்து அமெரிக்கக் கப்பல்கள் கிட்ட வரும் எந்தச் சின்னப் படகையும் அந்தக் கண்ணோடுதான் பார்க்கின்றன. சரி, அவர்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் 12 வருடம் கழித்து, 2012 ஜூலை 16ஆம் திகதி துபாய்க்கு அப்பால் நடந்ததைப் பாருங்கள். 'ராப்பஹானக்' என்ற அமெரிக்க எண்ணெய்க் கப்பலுக்குக் கிட்ட ஒரு மீன்பிடிப் படகு போனது. எச்சரித்தும் விலகவில்லை என்று சொல்லிக் கனரகத் துப்பாக்கியால் சுட்டார்கள். ஒருவர் இறந்தார், மூன்று பேருக்குக் காயம். எல்லோரும் இந்திய மீனவர்கள். இறந்தவர் இராமநாதபுரத்துக் கரையைச் சேர்ந்தவர். அதே வருடம் பெப்ரவரி 15ஆம் திகதி கேரளக் கடலில் 'என்ரிக்கா லெக்சி' என்ற இத்தாலிக் கப்பலில் இருந்த வீரர்கள், கடற்கொள்ளையர் என்று நினைத்து இரண்டு மீனவர்களைச் சுட்டுக் கொன்றார்கள். ஒரே வருடம், ஐந்து மாத இடைவெளி. இரண்டு சம்பவத்திலும் சுட்டவர்களுக்கு முன்னால் இருந்தது எங்களைப் போன்றவர்களின் மீன்பிடிப் படகுதான்.

பிறகு கரீபியன் கடல். 2025 செப்டம்பர் 2ஆம் திகதி ஒரு படகை ஆகாயத்தில் இருந்து அடித்து 11 பேரைக் கொன்றதாக அமெரிக்காவே அறிவித்துப் படமும் வெளியிட்டது. போதைப்பொருள் படகு என்றார்கள். அதற்குப் பிறகும் அப்படிப் பல படகுகள் அடிக்கப்பட்டன. கொல்லப்பட்டவர்களில் மீனவரும் உண்டு என்று கொலம்பியா ஜனாதிபதி பெட்ரோ வெளிப்படையாகக் குற்றம் சொன்னார். அந்தப் படகில் இருந்தது என்ன என்று எனக்குத் தெரியப்போவதில்லை. ஆனால் நிறுத்திச் சோதிக்காமல், ஆட்களைப் பிடித்து விசாரிக்காமல், மேலே இருந்து பார்த்த படத்தை மட்டும் நம்பி மனிதரைக் கொல்வது பிழை. இதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை.

ஆள் இல்லாத ஆயுதம் என்கிறார்களே, அந்த 'ஆள் இல்லை' என்பது அனுப்புகிறவன் பக்கத்துக்கு மட்டும்தான். கடலில் ஆள் இருக்கிறான். பொம்மை வைத்த படகு ஒன்று ஒரு தடவை வந்து மோதினால், அடுத்த தடவை உண்மையான மனிதர் இரண்டு பேர் இருக்கிற படகைக் காண்கிற கப்பல்காரன் என்ன நினைப்பான்? அதைச் செய்தவர்கள் கப்பல்காரரோடு சேர்த்து அந்தக் கடலில் தொழில் செய்கிற ஏழைகளின் உயிரோடும் விளையாடினார்கள். ஹூதிகளுக்குக் கைதட்டுகிற பெடியன்களும் இதை யோசிக்க வேண்டும்.

இதையெல்லாம் செய்தியில் படித்து வந்த கோபம் என்று நினைக்காதீர்கள். 1995 ஏப்ரல் 19ஆம் திகதி எனக்கு 16 வயது. அன்றிரவு துறைமுகத்துக்குள் வெடித்த சத்தத்தில் எங்கள் வீட்டுத் தகரம் அதிர்ந்தது. அம்மா தங்கச்சியைத் தூக்கிக்கொண்டு கட்டிலுக்குக் கீழே போனார். புலிகளின் சுழியோடிகள் கடற்படையின் 'சூரயா', 'ரணசுரு' என்ற இரண்டு பீரங்கிப் படகுகளையும் மூழ்கடித்தார்கள் என்று விடிந்த பிறகு கேள்விப்பட்டோம். நூறு நாள் சமாதானம் அன்றோடு முடிந்தது. அதற்கு முன்னும் பின்னும் சின்னப் படகுகளில் வெடிமருந்தை ஏற்றி ஆட்களே ஓட்டிவந்து மோதினார்கள். கருங்கடலில் இன்று காண்கிறவற்றை எங்கள் கடல் முன்பே கண்டுவிட்டது. ஒரே வித்தியாசம், அன்றைக்கு அதற்குள் எங்கள் பிள்ளைகள் இருந்தார்கள்.

அதற்கான விலையை யார் கொடுத்தது? இரவுத் தொழிலுக்குத் தடை. கரையில் இருந்து இவ்வளவு தூரத்துக்கு மேல் போகக் கூடாது. பாஸ் எடுக்க வேண்டும், அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டுப் போய், வந்து வாங்க வேண்டும். வேகமாக ஓடுகிற எஞ்சின் கூடாது. அப்பா தன் 25 குதிரைவலு எஞ்சினைக் கழற்றி, கிரீஸ் பூசி, சாக்கால் சுற்றி வீட்டு மூலையில் நிறுத்தினார். கடன் பட்டு 8 குதிரைவலு எஞ்சின் ஒன்று வாங்கினார். மண்ணெண்ணெய் எஞ்சின். பெற்றோலில் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, நிறுத்துவதற்கு முன்னால் மறுபடி பெற்றோலுக்கு மாற்றிக் காபரேட்டரைக் கழுவ வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் அடுத்த நாள் விடிய கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் கழன்றுவிடும். நான் எஞ்சின் வேலை பழகியது அந்த எட்டில்தான். காற்று மாறினால் அது படகைத் தள்ளாது. எதிர்நீரோட்டத்தில் நின்ற இடத்திலேயே நிற்கும். கடற்படைப் படகு கிட்ட வந்தால் எஞ்சினை நிறுத்தி, எழுந்து நின்று, இரண்டு கையையும் மேலே தூக்க வேண்டும். சட்டையைக் கழற்றிக் காட்டச் சொல்வார்கள். தளும்புகிற படகில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பது எவ்வளவு கஷ்டம் என்பது நின்றவனுக்குத்தான் தெரியும். பொம்மை மாதிரி அசையாமல் நிற்க வேண்டும் என்று அப்பா சொல்வார். மருமகன் காட்டிய படத்தில் அந்த இரண்டு உருவங்களைக் கண்டதும் எனக்கு நெஞ்சு அடைத்தது அதனால்தான்.

இந்த ஊரில் இருந்துகொண்டு வல்லரசுப் போட்டியைத் தூரத்துக் கதை என்று சொல்ல முடியாது. 2022 ஆகஸ்ட் ஒரு மாதத்தை மட்டும் எடுத்துப் பாருங்கள். 15ஆம் திகதி இந்தியா ஒரு டோர்னியர் 228 கண்காணிப்பு விமானத்தை இலங்கைக்குக் கொடுத்தது. அது இங்கே திருகோணமலையில் உள்ள சீனக்குடா விமானப்படைத் தளத்துக்கு வந்தது. அடுத்த நாள், 16ஆம் திகதி, இந்தியா வேண்டாம் வேண்டாம் என்று சொன்ன சீனாவின் 'யுவான் வாங் 5' கப்பல் அம்பாந்தோட்டையில் கட்டியது. ஏவுகணையையும் செய்மதியையும் பின்தொடர்கிற பெரிய பெரிய அன்டெனாக்கள் அதில். தொலைக்காட்சி முழுக்க அதுதான். அதே மாதம் 22ஆம் திகதி மண்ணெண்ணெய் விலை லீற்றருக்கு 87 ரூபாவில் இருந்து 340 ரூபாவுக்குப் போனது. ஒரே இரவில் கிட்டத்தட்ட நான்கு மடங்கு. அந்த வாரம் என் பட்டறைக்கு ஒரு எஞ்சின் வரவில்லை. ஓடினால்தானே பழுதாகும். கரையில் படகுகள் கவிழ்த்தபடி வரிசையாகக் கிடந்தன.

இவ்வளவும் நடக்கையில் சீனக்குடாக் காட்டுக்குள் பிரித்தானியர் கட்டிய 99 எண்ணெய்த் தாங்கிகள் நிற்கின்றன. ஒவ்வொன்றும் சுமார் 12,000 தொன் கொள்ளும். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான் குண்டு போட்டபோது அழிந்த தாங்கி ஒன்றின் உருகிய தகடு இன்றும் சுருண்டு கிடக்கிறது. மேட்டுப்பக்கத்துத் தாங்கிகளில் பலதை ஆலம்வேர் பிடித்திருக்கிறது. 1987 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தோடு சேர்ந்த கடிதத்தில் அந்தத் தாங்கிகள் பற்றியும் எழுதப்பட்டது. அதே கடிதத்தில், இந்தியாவின் நலனுக்குப் பாதகமாக எந்த நாட்டின் இராணுவப் பாவனைக்கும் திருகோணமலைத் துறைமுகத்தைக் கொடுக்கக் கூடாது என்றும் எழுதப்பட்டது. 2022 ஜனவரியில் தாங்கிகளைப் பங்கு பிரித்தார்கள்: இந்திய எண்ணெய்க் கம்பனிக்கு 14, இலங்கைக் கூட்டுத்தாபனத்துக்கு 24, இரண்டும் சேர்ந்த கம்பனிக்கு 61. 2025 ஏப்ரலில் ஐக்கிய அரபு அமீரகமும் சேர்ந்து இன்னொரு ஒப்பந்தம். எங்கள் ஊர்ப் பெயர் எல்லாக் காகிதத்திலும் இருக்கிறது. தாங்கிக்கு இரண்டு மைலுக்குள் இருக்கிற மீனவன் 2022இல் ஐந்து லீற்றர் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றான். இதை எழுதும்போது இப்போதும் கோபம்தான் வருகிறது.

சீனக்குடா ஓடுபாதையும் அப்படித்தான். இந்தியாவின் டோர்னியர் அங்கே. 2024 ஒக்டோபரில் அமெரிக்கா கொடுத்த கிங் எயர் விமானமும் கடல் கண்காணிப்புக்குத்தான். விமானப்படைப் பிள்ளைகள் பறக்கப் பழகுவது சீனாவின் பி.ரி-6 விமானத்தில். 2023 ஆகஸ்ட் 7ஆம் திகதி அதில் ஒன்று மேலெழுந்த சிறிது நேரத்தில் விழுந்து எரிந்தது, இருந்த இரண்டு அதிகாரிகளும் இறந்தார்கள். பெயர் தெரியாத ஆட்கள்தான், ஆனால் அன்று ஊரே கவலைப்பட்டது. ஒருவருக்கொருவர் முறைத்துக்கொள்கிற மூன்று நாடுகளின் இயந்திரங்கள் ஒரே கொட்டகைப் பக்கம் நிற்கின்றன. கொடுத்தவர்கள் எங்கள் கடலைத் தங்கள் கண்ணால் பார்ப்பதற்குத்தான் கொடுத்தார்கள் என்பது என் எண்ணம். வாங்கியது பிழை என்று சொல்லமாட்டேன். இந்தப் பெரிய கடலைக் காவல் காக்க எங்களிடம் வேறு வழி இல்லை. ஆனால் அந்த விமானம் முதலில் யாரைத் தேட வேண்டும் என்பதை நாங்கள்தான் சொல்ல வேண்டும்.

2024 டிசம்பர் 19ஆம் திகதி முல்லைத்தீவுக் கடலில் ஒரு படகு வந்தது. மியன்மாரில் இருந்து வந்த ரோஹிங்கியா மக்கள், நூறுக்கு மேற்பட்டவர்கள், குழந்தைகளும் கர்ப்பிணிகளும் உட்பட. வங்காள விரிகுடாவின் குறுக்கே, வாடைக் கடலில். வல்லரசுகள் எல்லாம் மேலிருந்தும் கீழிருந்தும் உற்றுப் பார்க்கிற கடல் இது. அதில் அவ்வளவு சனத்தை ஏற்றிய படகு முள்ளிவாய்க்கால் கரைக்குக் கிட்ட வரும் வரை வந்தது. முதலில் கண்டது மீனவர்கள். தண்ணீரும் சாப்பாடும் முதலில் கொடுத்ததும் அவர்கள்தான். பிறகு கடற்படை அந்த மக்களைத் திருகோணமலைக்குக் கொண்டுவந்தது. எங்கள் பக்கத்துப் பெண்கள் சமைத்துப் பார்சல் கட்டினார்கள், என் மனைவியும் போனாள். ஒரு சின்னப் பிள்ளை அவளுடைய கையை விடவே இல்லையாம்.

மூன்று வருடத்துக்கு முன்னால் என் அண்ணனும் இப்படித்தான் மிதந்தான். மண்ணெண்ணெய்க்குள் தண்ணீர் கலந்திருந்தது, எஞ்சின் இறுகிவிட்டது. போன் அலை எட்டாத தூரம். இரண்டு இரவு. இரண்டாம் நாள் மத்தியானம் மேலால் ஒரு விமானம் போனதாம். துடுப்பில் சிவப்புச் சட்டையைக் கட்டி அசைத்தார்கள். அது போய்த் திரும்பி மறுபடியும் போனது. காணவில்லை. கடைசியில் குச்சவெளிப் படகு ஒன்று கண்டு கட்டி இழுத்து வந்தது. அண்ணனின் உதடு வெடித்து, நாக்குத் தடித்து, என் பெயரைச் சொல்ல முடியாமல் நின்றான். ஆழ்கடல் போகிற பெரிய படகுகளுக்கு, 2015இல் ஐரோப்பா எங்கள் மீனைத் தடை செய்த சூட்டில் செய்மதிக் கண்காணிப்புக் கருவி பூட்டினார்கள். மீன் விற்க வேண்டும் என்றதும் அது நடந்தது. ஒருநாள் படகுக்கு அபாய சமிக்ஞை அனுப்புகிற ஒரு சின்னக் கருவி கொடுங்கள் என்று நாங்கள் கேட்கிறோம். ஏவுகணை ஒன்றை வீழ்த்தச் செங்கடலில் அமெரிக்கா சுட்ட ஒரு எதிர் ஏவுகணையின் விலை சுமார் 20 இலட்சம் டொலர். அந்த ஒரு ஏவுகணைக் காசில் இந்த மாவட்டத்தின் எத்தனையோ படகுகளுக்கு அந்தக் கருவி வாங்கலாம்.

அது வரும் வரைக்கும் சும்மா இருக்க மனமில்லை. கூரை வேலையில் மிஞ்சிய அலுமினியத் தகட்டை வாங்கி வந்து, மூன்று தகட்டை ஒன்றுக்கொன்று செங்குத்தாகப் பூட்டிப் பெட்டி மூலை மாதிரி செய்கிறேன். அந்த மூலைக்குள் விழுகிற ராடர் அலையை வந்த வழியே திருப்பி அனுப்பும். ஒரு கம்பில் கட்டி படகில் நிறுத்தினால், 18 அடிப் பைபர் படகு திரையில் ஒரு புள்ளியாகவாவது தெரியும். இதுவரை ஏழு செய்திருக்கிறேன். காசு வாங்குவதில்லை, தகடு கொண்டுவந்தால் போதும்.

நேற்று மருமகன்தான் ரிவிட் அடித்துத் தந்தான். வேலை முடிந்து கை கழுவும்போது கேட்டான்: "மாமா, இது இருந்தா நேவிக்கும் கப்பல்காரனுக்கும் பெரிசாத் தெரியும்தானே. பிழையா நினைச்சுச் சுட்டா?"

அப்பா கையைத் தூக்கிக்கொண்டு நின்ற கதையை அவனுக்கு முதல் தடவையாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தான், போனை எடுக்கவில்லை. விடிய நான்கு மணிக்கு அண்ணனின் படகில் அந்தக் கம்பை இருவருமாக நிறுத்தினோம். காற்றில் ஆடாமல் இருக்க மூன்று பக்கம் கயிறு கட்டினான். அண்ணன் எஞ்சினைப் பெற்றோலில் கிளப்பி, சூடாகும் வரை பொறுத்து, மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிட்டுப் போனான்.